எல்லாப் பிள்ளைக்கும் இயர் பிளக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை நீச்சல் வகுப்புகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு போட்டிருந்த பெட்டிச் செய்தியில் நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, துண்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘இயர் பிளக்’, அதாவது காதை அடைக்கிற சின்ன அடைப்பான், என்று முடித்துவிட்டீர்கள். எந்த இயர் பிளக், யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சாயந்தரமே கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் பாளையங்கோட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் கடையில் முதலில் இயர் பிளக் விற்கும், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காதுச் சொட்டு மருந்து விற்கும். இரண்டையும் வாங்க வருவது பெரும்பாலும் அதே வீட்டு ஆட்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது நன்றாக இருக்கிற பிள்ளை நீச்சல் கற்க இயர் பிளக் கட்டாயம் இல்லை. தண்ணீரில் இறங்கினாலே காது வலி வருகிற பிள்ளைக்கு அது உதவும், அதுவும் சரியான வகையாக இருந்து, காதுக்குப் பொருந்தி, ஒழுங்காகப் போட்டால்தான். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர்கள் விஷயத்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், என்னைப் போன்ற கடைக்காரனோ நீச்சல் கோச்சோ அல்ல. இப்போது நடப்பது என்னவென்றால், இந்த மூன்று பேர் கையிலும் ஒரே பாக்கெட்டைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

நீச்சல் அடிக்கிறவர்களுக்கு வருகிற காது வலி வெளிக்காதுக் குழாயின் தோலில் வரும் தொற்று. காது ஓட்டையிலிருந்து செவிப்பறை வரை பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அதுவும் நேராக இருக்காது, வளைந்து போகும். அந்த வளைவுக்குள் தண்ணீர் தங்கிவிட்டால் தோல் ஊறிப்போகும், ஊறின தோலில் சின்னக் கீறல் ஒன்று இருந்தால் போதும், ஈரத்தில் செழிக்கிற சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா உள்ளே இறங்கிவிடும். நம் ஊர் புழுக்கத்துக்குப் பூஞ்சையும் தாராளமாக வரும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்த காதுக்குள் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்தது போலச் சாம்பல் நிறமும் கறுப்புப் புள்ளியுமாகத் தெரியும். (டாக்டர்கள் சொல்கிற உவமைதான், உங்கள் பத்திரிகையைச் சொல்லவில்லை.) முதலில் அரிக்கும், அப்புறம் வலிக்கும், காது அடைத்த மாதிரி இருக்கும், சில பேருக்கு நீர் வடியும்.

இதையும் சளியால் வருகிற காது வலியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சளி பிடித்து, காய்ச்சல் வந்து, ராத்திரி பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் அது பெரும்பாலும் செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நடுக்காதில் வந்த பிரச்சினை. மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்குப் போகிற யூஸ்டேஷியன் குழாய் வழியாக வருவது அது. செவிப்பறை முழுசாக இருந்தால் குளத்துத் தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது, ஆகவே இந்த வலிக்கு எந்த இயர் பிளக்கும் தடுப்பு ஆகாது. வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள், காது ஓட்டைக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். அப்போது சுரீர் என்று வலித்தால் வெளிக்காது என்று சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்ல விளக்கு வைத்து உள்ளே பார்க்க வேண்டும், அது டாக்டர் வேலை.

சரி, தண்ணீர் எல்லோர் காதிலும்தான் போகிறது, சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? நான் கவுன்டரில் முதலில் கேட்கிற கேள்வி, “காது குடைவீங்களா?” என்பதுதான். பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி, வண்டிச் சாவி, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னமும் கோழி இறகு. கண்ணை மூடிக்கொண்டு கோழி இறகால் காது குடைவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குறும்பி என்று நாம் தோண்டி எடுக்கிற அந்த மெழுகுதான் காதுக்குக் காவல். அது தண்ணீரை ஒட்டவிடாது, லேசான அமிலத்தன்மை உள்ளது, கிருமி எளிதில் வளராது. காதுக் குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்ல நகர்ந்து வரும், வரும்போது மெழுகையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாமோ நீச்சலுக்குப் போகிற அன்று காலையில் பட்ஸ் விட்டுச் சுத்தமாக வழித்து, தோலையும் கீறிவிட்டு, அதன் மேல் இயர் பிளக்கைத் திணித்து அனுப்புகிறோம். பட்ஸ் டப்பாவிலேயே காதுக்குள் விடாதே என்று போட்டிருக்கிறான், பொடி எழுத்தில்.

இப்போது இயர் பிளக் விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் ஒரு அம்மா சின்ன ஜிப் கவரைக் கவுன்டரில் வைத்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நுரைப் பஞ்சு, விரலால் உருட்டினால் ஒல்லியாகி, விட்டால் மறுபடி ஊதுமே, அது. “அண்ணாச்சி, இது தண்ணியில ஊறிப் பொதபொதன்னு ஆயிட்டு, பிள்ளை காதுல இருந்து வெளிய வரமாட்டேங்கு, போன தடவை நகத்தால கிள்ளித்தான் எடுத்தேன்” என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், மகன் சேர்ந்திருக்கிற நீச்சல் வகுப்பில் தொப்பி, கண்ணாடியோடு சேர்த்து ‘கிட்’ என்று கொடுத்தார்களாம், கட்டாயமாம். அது தொழிற்சாலையில் இரைச்சலுக்குப் போடுகிற பிளக். மில்லில், கம்பெனியில் மெஷின் சத்தம் காதைக் கெடுக்காமல் இருக்கச் செய்தது. பாக்கெட்டின் மேல் 29, 32, 33 என்று டெசிபல் எண் போட்டிருப்பார்கள், அது சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்கிற கணக்கு, தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரிய எண் இருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்து, “33 இருக்கா?” என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அந்த நுரை தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீரைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காதை ஈரமில்லாமல் வைக்கத்தானே பிளக், இது அதற்கு நேர் எதிர் வேலை செய்கிறது.

நீச்சலுக்கென்று இருப்பவற்றில் கடையில் அதிகம் போவது இரண்டு. ஒன்று, களிமண் மாதிரி பிசைகிற சிலிக்கான் உருண்டை. இதைக் காதுக் குழாய்க்குள் விடக் கூடாது, இந்த ஒரு விஷயத்தை நான் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். காதைச் சுற்றி முடியை ஒதுக்கி, காதை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, உருண்டையை லேசாகத் தட்டையாக்கி, காது ஓட்டைக்கு மூடி போடுவது போல வெளியே வைத்து ஓரங்களை அமுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே குத்தித் தள்ளினால் பிய்ந்து மாட்டிக்கொள்ளும், அப்புறம் இ.என்.டி. டாக்டரிடம் போய்த்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் காதுக்குப் பின்னால் அமுக்கி, ஓரத்திலிருந்து கிளப்பி உரிக்க வேண்டும். ஒரே உருண்டையைக் கோடை முழுக்க ஓட்டவும் கூடாது, பசை குறைந்தோ அழுக்காகியோ போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எதையும் வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும். இவ்வளவு நிபந்தனை இருந்தாலும் காதின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் பலருக்கும் இதுதான் பொருந்துகிறது, நானும் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

இன்னொன்று, குடை குடையாக இரண்டு மூன்று அடுக்கு வைத்த ரப்பர் மாதிரியான பிளக், மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இதில் அளவுதான் எல்லாமே. பெரியவர் அளவைப் பிள்ளைக்குத் திணித்தால் தோல் புண்ணாகும், சின்னதைப் போட்டால் தண்ணீர் ஓரமாக உள்ளே போய்விடும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும், அதற்குப் போடாமலே இருக்கலாம். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும், அப்போது லேசாகத் திருகிக்கொண்டே போட வேண்டும், வலித்தால் அதற்கு மேல் போகக் கூடாது. எடுக்கும்போதும் மெதுவாகத் திருகி எடுங்கள், சட்டென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் மாதிரி உறிஞ்சிச் செவிப்பறையில் வலி வரும். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, அப்புறம் டப்பாவில் போட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக் காதில் போடுகிற பிள்ளைகளை என்ன சொல்வது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிற வீடுகளும் இருக்கின்றன, சிக்கனம்தான், ஆனால் ஒருவன் காதில் இருப்பது மற்றவன் காதுக்குப் போகும்.

மூன்றாவதாக, காதுக்கென்றே அச்சு எடுத்துச் செய்வது. காது கேட்கும் கருவிக்கு மோல்டு எடுப்பார்களே, அதே ஆடியாலஜிஸ்ட்தான் இதையும் செய்வார். முதலில் காதுக்குள் நூல் கட்டிய சின்னத் தடுப்புப் பஞ்சை வைத்துவிட்டு, சிரிஞ்சு மாதிரி ஒன்றில் மாவைப் பிதுக்கிக் காதை நிரப்புவார், சில நிமிஷத்தில் இறுகிவிடும், அதை எடுத்து அனுப்பினால் அதே வடிவத்தில் சிலிக்கான் பிளக் வரும். விலை அதிகம், வளர்கிற பிள்ளைக்குக் காதும் வளர்வதால் மறுபடி எடுக்க வேண்டிவரும். போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற, தினமும் தண்ணீரில் கிடக்கிற, அடிக்கடி காது கெட்டுப்போகிற பிள்ளைக்கு அந்தச் செலவு தகும். ஒரு மாசக் கோடை வகுப்புக்கு வேண்டாம். வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்வது தலைக்குக் குளிக்கும்போது நல்ல வழி, நீச்சல் குளத்தில் நிற்காது, நீந்த ஆரம்பித்ததும் கழன்று தண்ணீரில் மிதக்கும்.

எந்தப் பிளக் போட்டாலும் அதன் மேல் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டால் பிளக் கழன்று போகாது. தொப்பி மட்டும் போட்டால் தண்ணீர் போகாது என்று நினைக்காதீர்கள், போகும்.

இனி, பிளக்கால் வருகிற ஆபத்து. இது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காதை நன்றாக அடைத்துவிட்டு ஆழத்துக்குப் போகக் கூடாது. பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், ஐந்து மீட்டரிலேயே ஒன்றரை மடங்கு, இரண்டு மீட்டரிலேயே பலருக்குக் காது வலிக்கும். மூக்கைப் பிடித்து ஊதினால் நடுக்காதின் அழுத்தத்தைச் சரி செய்யலாம், ஆனால் அடைப்புக்குப் பின்னால் மாட்டின காற்றை ஒன்றும் செய்ய முடியாது, வெளியே தண்ணீர் பிளக்கை உள்ளே தள்ளும், உள்ளே செவிப்பறை வெளியே இழுபடும். அதனால்தான் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு ஆழத்தில் முங்குவது, கற்றுக்கொடுக்கிறவர்கள் சாதாரண இயர் பிளக்கைப் போடவே விடுவதில்லை. நம் ஊரில் ஸ்கூபா யார் போகிறார்கள் என்று கேட்கலாம். கிணறு இருக்கிறதே! திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கமலைக் கிணறுகளில் மேட்டிலிருந்து ஓடிவந்து குதிக்கிற பையன்கள், தரையைத் தொட்டு மண் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், இவர்கள் காதில் இந்த அடைப்பு இருக்கவே கூடாது. டைவிங் பலகை வைத்த குளங்களுக்கும் இதேதான். நீச்சல் வகுப்பில் முதல் வாரம் கையைக் காலை அடிக்கும்போது போட்ட பிளக்கை, நாலாவது வாரம் டைவ் அடிக்கச் சொல்லும்போது கழற்றச் சொல்கிறார்களா? நான் கேட்டவரை இல்லை.

அடுத்தது, பிளக் போட்ட பிள்ளைக்குக் கோச் சொல்வது சரியாகக் கேட்காது, விசில் கேட்காது. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தண்ணீரில் கும்மாளம் போடுகிற இடத்தில், ‘கரைக்கு வா’ என்று கத்தினால் திரும்பிப் பார்க்காத பிள்ளை ஆபத்தில் இருக்கிறது. காது கெட்டால் மருந்து இருக்கிறது, இதற்கு இல்லை. பிளக் அவசியமான பிள்ளை என்றால் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கை ஜாடையில் கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்? ஒவ்வொரு கோடையிலும் வெளிக்காதுத் தொற்று வந்து அவதிப்படுகிறவர்கள், காதுத் தோலில் கரப்பான் மாதிரி எக்ஸிமா இருக்கிறவர்கள், ஒரு காதில் குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுற்றுகிறவர்கள், காதில் ஆபரேஷன் செய்துகொண்டு டாக்டர் போடச் சொன்னவர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்து சீழ் வடிகிற காது என்றால் பிளக் போட்டுக்கொண்டு நீந்தலாமா என்பதே கேள்வி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தண்ணீருக்குள் தலையை விடாமல் இருப்பதுதான் நல்லது. குற்றாலத்தில் சீசனுக்கு அருவி நேராகக் காதில் அறைகிற மாதிரி நிற்பவர்களுக்கும் இதையே சொல்வேன், ஓட்டை இருக்கிற காதைக் கொண்டுபோய் அங்கே காட்டாதீர்கள். குரோமெட் என்று செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்த பிள்ளைகளின் அம்மாக்கள்தான் ரொம்பப் பயப்படுகிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குழாய் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாக இயர் பிளக் போடச் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறது, 2022-ல் திருத்தியபோதும் அதை மாற்றவில்லை. காதில் நீர் வடிகிற பிள்ளை, ஆழத்தில் முங்குகிற பிள்ளை, அழுக்குத் தண்ணீரில் குளிக்கிற பிள்ளை என்றால் விஷயம் வேறு. உங்கள் பிள்ளை இதில் எது என்று குழாய் வைத்த டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு நீந்தி முடித்த பிறகு செய்வதுதான் முக்கியம், அதற்குக் காசும் வேண்டாம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, காது மடலை இப்படியும் அப்படியும் இழுத்துவிட்டால் வளைவுக்குள் நின்ற தண்ணீர் இறங்கும், அடுத்த பக்கமும் அதே மாதிரி. துண்டின் நுனியால் வெளியே எட்டுகிற வரை ஒற்றி எடுங்கள். வீட்டில் முடி காயவைக்கிற டிரையர் இருந்தால், இருப்பதிலேயே குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிஷம் காட்டலாம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை, படித்துறையில் வெயிலில் கிடந்த கூழாங்கல்லை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தவர்கள்தான் நாம் எல்லோரும். கல்லின் சூடு தண்ணீரைக் காயவைக்கும், குதித்தால் வெளியே வரும். ஆனால் மே மாசக் கல் காதைச் சுட்டுவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டாதது என்று சொன்னால், முதலில் எண்ணெய். பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைக் காதில் விடுகிற வழக்கத்தைப் பாட்டிமார் விடமாட்டார்கள், பேரன் காது வலி என்றால் அடுப்பில் கரண்டி ஏறிவிடும். சூடு தெரியாமல் விட்டால் புண்ணாகும், ஓட்டை இருக்கிற காதில் விட்டால் நடுக்காது வரை போகும், ஏற்கெனவே பூஞ்சை இருக்கிற காதில் ஈரத்தையும் அழுக்கையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். வினிகரும் ஸ்பிரிட்டும் கலந்து விடச் சொல்லி யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. காதைக் காயவைத்து அமிலத்தன்மையைக் கொண்டுவர வெளிநாட்டு டாக்டர்கள் சொல்கிற வழிதான் அது, பொய்யில்லை, ஆனால் செவிப்பறை முழுசாக இருக்கிறது என்று தெரிந்த, புண் இல்லாத காதுக்கு மட்டும். வலிக்கிற காதில் ஸ்பிரிட் விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டாம்.

வலி வந்துவிட்டது என்றால், “அண்ணாச்சி, ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை குடுங்க” என்று வராதீர்கள். சாதாரண வெளிக்காதுத் தொற்றுக்கு மருந்து சொட்டாகத்தான் போக வேண்டும், மாத்திரை தேவைப்படுவது தொற்று பரவினவர்களுக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்தான். எந்தச் சொட்டு என்பதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு வேறு. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணம் தந்த மருந்தை இந்த வருஷம் உங்கள் பிள்ளைக்கு விட்டால், பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடலாம். நியோமைசின், ஜென்டாமைசின் கலந்த சொட்டுகள் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்காதைக் கெடுக்கக்கூடியவை. சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னால் என்னிடம் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. மருந்து விடும்போது புட்டியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துக் குளிர் எடுங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து விட்டபின் மூன்று நாலு நிமிஷமாவது அப்படியே படுக்கட்டும். சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாள் வரை தண்ணீரில் இறங்கக் கூடாது, கட்டின காசு போகிறதே என்று மூன்றாவது நாளே அனுப்பிவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நடக்க முடியவில்லை, மூட்டு வலி, தண்ணீரில் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி வயசானவர்கள் பலர் குளத்துக்கு வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத ஆளுக்கு இதே சூடோமோனாஸ் வெளிக்காதோடு நிற்காமல் மண்டை ஓட்டின் அடிப்பக்க எலும்பு வரை அரிக்கலாம். ராத்திரி தூங்கவிடாத காது வலி, மருந்து விட்டும் குறையாத நீர் வடிதல், முகம் ஒரு பக்கம் கோணுவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் புகாருக்கு வருகிறேன். காதை அடைக்கச் சொல்கிற வகுப்புக்காரர்கள் தண்ணீரைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்வதில்லை? சூடோமோனாஸ் குளோரின் சரியாக இருக்கிற தண்ணீரில் நிற்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிற அளவு, குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சம் பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு), பி.எச். என்கிற அமில-கார அளவு 7.0-லிருந்து 7.8-க்குள். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் நீச்சல் குளத்து நீருக்கென்றே ஐ.எஸ். 3328 என்று தரம் வைத்திருக்கிறது. பி.எச். ஏறிப்போனால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் கிருமியைக் கொல்கிற வேகம் குறைந்துவிடும். அதைவிட, நம் ஊர் வெயில். கூரை இல்லாத குளத்தில் காலையில் போட்ட சாதாரண குளோரினை மே மாச வெயில் சாயந்தரத்துக்குள் தின்றுவிடும். கூட்டம் அலைமோதுவதோ சாயந்தர பேட்ச்சில்தான். மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால் ‘நிறையக் குளோரின் போட்டிருக்கான், சுத்தமா இருக்கு’ என்று நினைக்கிறோம், உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்துதான் அந்த வாடை வருகிறது. சோதிப்பது பெரிய வித்தை இல்லை. சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பக்கத்தில் இருக்கிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு நிமிஷ வேலை.

அதனால் மாநகராட்சியும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தனியார் வகுப்புகளுக்கும் சேர்த்து ஓர் உத்தரவு போடட்டும்: ஒவ்வொரு பேட்ச் இறங்கும் முன்பும் தண்ணீரைச் சோதித்து, குளோரின் எவ்வளவு, பி.எச். எவ்வளவு, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று வாசலில் கரும்பலகையில் எழுத வேண்டும். எழுதாத குளத்தில் பிள்ளையை இறக்க மாட்டோம் என்று பெற்றோரும் சொல்ல வேண்டும். கிட் என்ற பெயரில் கட்டாயமாக இயர் பிளக் விற்பதை நிறுத்த வேண்டும், அப்படி விற்றாலும் தொழிற்சாலை நுரைப் பஞ்சை விற்கக் கூடாது. சேர்க்கைப் படிவத்தில் காதில் சீழ் வடிந்ததுண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று இரண்டு கேள்வி சேர்த்தால் தாளுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில், அரசு மருத்துவக் கல்லூரி இ.என்.டி. பிரிவில் யாரையாவது பிடித்து, இயர் பிளக் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அரைப் பக்கம் வாங்கிப் போடுங்கள். முடிந்தால் மே முதல் வாரத்துக்குள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை.